சிசி அண்ணாச்சியும் பெரிய எஞ்சினும்

கடவுளின் படைப்பில் ஒரே ஒரு குறைதான் உண்டு என்பது சிசி அண்ணாச்சியின் தீர்மானமான முடிவு. எதற்குமே எஞ்சின் போதாது. மாட்டுக்குப் போதாது, மனுஷனுக்குப் போதாது, மழைக்காலத்து மும்பை ரயிலுக்குச் சுத்தமாகப் போதாது. இந்தப் பூமிக்கே இன்னும் கொஞ்சம் சிசி கொடுத்திருந்தால் ஒரே நாளில் இரண்டு விடிகாலை வரும், இட்லி வியாபாரம் இரண்டு மடங்காகும் என்று ஒரு முறை லிஃப்டில் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வேடிக்கையாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

செம்பூரில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. தாராவியில் இட்லி மாவு அரைக்கும் பட்டறை. விடியும் முன்பே சைக்கிளில் பாத்திரம் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மும்பை முழுக்க இட்லி விற்கப் போகிறார்களே, அவர்களில் பாதிப் பேருக்கு மாவு அண்ணாச்சியிடமிருந்துதான். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. கீழே தபால் பெட்டியில் அது எழுதியும் இருந்தது. தபால்காரரே அதைப் பார்க்காமல் "சிசி சேட் கா கர்", சிசி முதலாளி வீடு, என்று கேட்டுக்கொண்டுதான் மாடி ஏறுவார்.

சிசி என்றால் எஞ்சினின் வயிற்றளவு. ஸ்கூட்டருக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று உண்டு. அண்ணாச்சி அதை எல்லாவற்றுக்கும் கேட்பார். எங்கள் வீட்டில் புது மிக்ஸி வாங்கினால் "எத்தன சிசி?" கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் மாற்றினால் "எத்தன சிசி?" ஒரு தடவை லேசான நெஞ்சுவலி என்று டாக்டரிடம் போனார். "இதயம் ஒரு பம்ப் மாதிரி" என்று டாக்டர் ஆரம்பித்ததுதான் தப்பு. "எத்தன சிசி டாக்டர்?" டாக்டர் நல்ல மனிதர். யோசித்துப் பார்த்து, ஒரு துடிப்புக்கு எழுபது வரும் என்றார். அண்ணாச்சி வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"வெறும் எழுவதாம் தங்கச்சி. மொபெட்டுக்கே அம்பது உண்டு. இத வச்சிக்கிட்டு மனுஷன் எப்படி மேட்டுல ஏறுவான்?"

அவர் மனைவி செல்வக்கனி மதினி. பட்டறையில் அரிசி வாங்குவது, ஆட்களை வேலை வாங்குவது, மாவின் பதம் பார்ப்பது எல்லாம் மதினி. அண்ணாச்சி தொழிலின் அபிவிருத்தியைக் கவனித்துக்கொண்டார். அவர் கவனிக்காத நாட்களில் தொழில் நன்றாக அபிவிருத்தி அடைந்தது.

ஒரு முறை கவனித்தார். பெரிய கிரைண்டருக்குத் தண்ணீர் டேங்குக்கு ஏற்றுகிற மோட்டாரை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் கல் சுற்றியது. மாவு சுற்றவில்லை, நேராக மேலே போய்விட்டது. தகரக் கூரையில் ஒட்டிய உளுந்து அங்கேயே புளித்துப் பொங்கி, மழைக்காலம் முடியும் வரை பைய இறங்கிக்கொண்டிருந்ததாக மதினி சொன்னார். கல்லில் மிஞ்சிய மாவு வேகத்தில் சூடேறிப்போய்விட்டது. அதில் அவித்த இட்லியை வாங்கிய மாட்டுங்கா மாமி ஒருவர், காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அதை முட்டுக் கொடுத்து வைத்தார்.

"மோட்டார்ல ஒரு குத்தமும் இல்ல. மாவுக்குத்தான் தாங்குத தெம்பு பத்தல" என்று அண்ணாச்சி விசாரணையை முடித்தார்.

இப்படிப்பட்டவர் கையில் அந்தச் சிவப்பு கார் வந்து சேர்ந்தது.

தாதர் பக்கம் ஒரு பார்சி காலனியில், தூங்குமூஞ்சி மரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது. மாட்டுங்கா ஓட்டல்களுக்கு மாவு போட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அண்ணாச்சி டெம்போவை நிறுத்தி அதைப் பார்ப்பாராம். எனக்கு அது ஒரு சின்ன சிவப்பு கார். விவரம் தெரிந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போவார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். பழைய ஜப்பான் கார். பந்தயம் ஓட்டவென்றே செய்தது. எடை குறைவு. எஞ்சின் சின்னதுதான், ஆனால் ஏற ஏறக் கூவும். வளைவில் சட்டியில் கரண்டி திரும்புகிற மாதிரி திரும்பும்.

அதன் சொந்தக்காரர் ஒரு வயதான பார்சி. மும்பையில் பார்சிக்காரர்களைப் பாவா என்போம். இந்தப் பாவா இளமையில் அந்தக் காரைப் பந்தயங்களில் ஓட்டியவர். இப்போது கண் மங்கி, கார் ஓட்டக்கூடாது என்று ஆகிவிட்டது. ஒருவன் நாள் தவறாமல் வந்து காரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் கீழே இறங்கி வந்து, கார் இனி உன்னுடையது என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"டிக்ரா, பெட்ரோல் டால், பானி சே தோ. அவுர் குச் நஹி." மகனே, பெட்ரோல் போடு, தண்ணீர் விட்டுக் கழுவு, வேறு எதையும் தொடாதே.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். நம் ஊர்த் தலையாட்டலுக்கு ஆமாம், இல்லை என்று இரண்டு அர்த்தமும் உண்டு என்பது பாவாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். முதல் சில மாதங்கள் அண்ணாச்சி ஒன்றையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்னையும் மதினியையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிழக்கு ஃப்ரீவேயில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவார். எனக்கு கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கு இவியளுக்கு ஏதாவது கோட்டி பிடிச்சா, ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தாவன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்லா" என்றார் மதினி.

கோட்டி, அதாவது பைத்தியம், லோனாவாலா மலைப்பாதையில் பிடித்தது. அண்ணாச்சி சிவப்பு காரை உற்சாகமாக ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு பெரிய டீசல் வண்டி, ஒரு சிரமமும் இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. அது கூடப் பரவாயில்லை. அதன் பின்கண்ணாடி வழியாக, பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை அண்ணாச்சிக்கு டாட்டா காட்டியது.

செம்பூர் வந்து சேர்ந்தோம். கேட்டில் நுழையும்போது சொன்னார்: "எஞ்சின மாத்தணும்."

எங்கள் கட்டடமே இரண்டு பட்டது. ஓடுகிற காரில் வேறு எஞ்சின் வைப்பது லாபமா நஷ்டமா என்று, சைக்கிள் கூட இல்லாதவர்கள் எல்லாம் மாடிப்படியில் நின்று விவாதித்தார்கள். மதினி மட்டும் ஒரே கேள்வி கேட்டார்.

"பெரிய எஞ்சின் வேணும்னா, பெரிய எஞ்சின் உள்ள காரையே வாங்கிட்டுப் போவலாம்லா? அது நோவாம வந்துரும்லா?"

"அத எல்லாவனும் செய்வான்" என்றார் அண்ணாச்சி.

"எல்லாவனும் செய்யதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா?"

அண்ணாச்சியின் பதில் மறுநாளே வந்தது. உல்லாஸ்நகர் போய் எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டார்.

அது வெள்ளத்தில் மூழ்கிய ஒரு பெரிய காரின் எஞ்சின். சிவப்பு காரின் எஞ்சினைப் போல இரண்டு மடங்கு. நாலு பேர் மூங்கில் கட்டி, சாமி தூக்குகிற மாதிரி தூக்கி வந்து வீட்டு ஹாலில் இறக்கினார்கள். மெக்கானிக்கிடம் இடம் காலியாகும்வரை அங்கேதான் இருக்கும் என்று ஏற்பாடு. உள்ளே ஈரம் இருக்கிறதாம். வீட்டில் இருந்த ஃபேன்கள் எல்லாம் அதை நோக்கித் திரும்பின.

"எனக்குப் பேறுகாலத்துல இந்தக் கவனிப்பு இல்ல" என்றார் மதினி என்னிடம். "காலையில எந்திரிச்சதும் அதத் தொட்டுப் பாக்காவ. சளி பிடிச்சிருக்கான்னு பாக்க மாதிரி."

அந்தச் சமயம் பார்த்து அவர்கள் மகள் தங்கத்தைப் பெண் பார்க்க காட்கோபரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாத்திரக்கடைக்காரர். ஹால் நடுவில் பட்டுத்துணி போர்த்தியிருந்த உருவத்தைப் பார்த்து, விக்கிரகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். துணியை அண்ணாச்சி பெருமையாக விலக்கினார். பாத்திரக்கடைக்காரர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, சீர் என்று நாங்கள் எதுவும் எதிர்பார்க்கவில்லை, இதெல்லாம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். கல்யாணம் அங்கேயே நிச்சயமானது. சீர் கேட்காத சம்பந்தி என்று இன்றும் அவருக்கு எங்கள் கட்டடத்தில் நல்ல பெயர்.

மாஹிமில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த மெக்கானிக் பட்டறை. மெக்கானிக்கை உஸ்தாத் என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அகராதியில் இரண்டே வார்த்தைதான்: "ஹோ ஜாயேகா." ஆகிவிடும். எந்தக் கேள்வி கேட்டாலும் இதுதான் பதில். எஞ்சின் அந்த இடத்தில் உட்காருமா என்று கேட்டார் அண்ணாச்சி. ஹோ ஜாயேகா. உட்காரவில்லை. ஏசி இயந்திரத்தைக் கழற்றிப் போட்டு இடம் பண்ணினார்கள். அப்போதும் பானெட் மூடவில்லை. மூடுமா உஸ்தாத்? ஹோ ஜாயேகா. பானெட்டில் தோசைக்கல் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். அதன் வழியாக எஞ்சின் தலையை நீட்டி வெளியே பார்த்தது. பழைய கியர்பாக்ஸ் புது எஞ்சினோடு ஒத்துப்போகவில்லை, அதையும் மாற்றினார்கள். மாற்றிய கியர்பாக்ஸுக்குப் பழைய அச்சு பொருந்தவில்லை. எஞ்சினை மாற்றுவது என்பது எஞ்சினை மட்டும் மாற்றுவது இல்லை என்று உஸ்தாதைத் தவிர எல்லோருக்கும் புரிய ஆரம்பித்தது.

ஒன்றை மட்டும் அண்ணாச்சி சட்டப்படி செய்தார். ஆர்டிஓ-வுக்குப் போய், எஞ்சின் மாற்றியதை முறையாகப் பதிந்துகொண்டார். அங்கிருந்த அதிகாரி காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "க்யோ?" ஏன்?

அண்ணாச்சி சொன்ன பதிலைக் கேட்டதும் அவர் டீ வரவழைத்துக் கொடுத்தாராம்.

வெள்ளோட்டத்துக்கு வழக்கம்போல நானும் மதினியும் பின்சீட்டில். எஞ்சினின் கனத்தில் காரின் மூக்கு கீழே சரிந்திருந்தது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு போகிற மாதிரி கார் தரையைப் பார்த்துக்கொண்டே போனது. ஏசி இல்லை. போதாததற்கு எஞ்சின் சூடு முழுவதும் உள்ளே வந்தது. மதினி விசிறிக்கொள்ள முறத்தைக் கொண்டுவந்திருந்தார். சயான் சிக்னலில் நின்றோம். ஓட்டை வழியாக ஆவி கிளம்பியது. பக்கத்து ஆட்டோவில் இருந்த அம்மாள் என்ன வேகவைக்கிறோம் என்று மராத்தியில் கேட்டாள்.

ஃப்ரீவேயில் ஏறினோம். அண்ணாச்சி மிதித்தார். அடேயப்பா. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மதினி கையிலிருந்த முறம் பின்கண்ணாடியில் போய் அப்பிக்கொண்டது. அண்ணாச்சியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவர் காத்திருந்தது இதற்காகத்தான் என்று தெரிந்தது.

பிறகு வளைவு வந்தது. அண்ணாச்சி ஸ்டீயரிங்கைத் திருப்பினார். காருக்குத் திரும்புவதில் விருப்பம் இல்லை. அது நேராகவே போக ஆசைப்பட்டது.

"பைய, பைய! சவத்த நிறுத்துங்க!" என்றார் மதினி.

"நிக்க மாட்டேங்கு பிள்ள. பழைய பிரேக்குலா!"

சுவரை ஒட்டி ஒரு கைக்குட்டை போகிற இடைவெளியில் கார் நின்றது. பிறகு ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

அதற்குப் பிறகு அண்ணாச்சி அந்தக் காரை நேரான சாலைகளில் மட்டும் ஓட்டினார். மும்பையில் நேரான, காலியான சாலை எவ்வளவு உண்டு என்று உங்களுக்கே தெரியும். கார் பெரும்பாலும் எங்கள் கட்டடத்தின் கீழ் நின்றது. சாயங்காலங்களில் அவர் அதை ஸ்டார்ட் செய்து, உறுமவிட்டு, அணைத்துவிட்டு மாடி ஏறுவார். பழையபடி வளைவில் அதைத் திருப்ப அவர் ஏங்குகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்டால் "மாவு புளிக்கணும்லா தங்கச்சி. எல்லாத்துக்கும் நேரம் எடுக்கும்" என்பார்.

அப்போதுதான் அந்த ஃபோன் வந்தது. பட்டறையில் நானும் இருந்தேன், வீட்டுக்கு மாவு வாங்கப் போயிருந்தேன். பேசியது பாவா. கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாராம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெளியே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே போக ஆசை என்று நர்ஸ் கேட்டாளாம்.

"என் காரில் வொர்லி கடற்கரை வரை போய்விட்டு வரவேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் படுத்துக் கிடந்தேன், டிக்ரா. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும்."

அண்ணாச்சி "ஹா பாவா, ஹா பாவா" என்றார். ஃபோனை வைத்தார். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அந்த மனிதர் முகம் செத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தொடாதன்னு சொல்லிக் குடுத்தாரு தங்கச்சி. நான் மண்டைய மண்டைய ஆட்டுனேன்."

மதினி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கையிலிருந்த மாவைக் கழுவினார். "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. உஸ்தாதக் கூப்புடுங்க. பழச மாட்டச் சொல்லுங்க" என்றார்.

மாஹிமுக்குப் போனோம். பழைய எஞ்சின் எங்கே என்று அண்ணாச்சி கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக உஸ்தாத் ஹோ ஜாயேகா சொல்லவில்லை. ஆகாயத்தைப் பார்த்தார். யாருக்கும் வேண்டாம் என்று நினைத்து அதை உல்லாஸ்நகரில் ஒரு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

உல்லாஸ்நகரில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பொருட்காட்சி மைதானம். தூரத்திலேயே சத்தம் கேட்டது. அண்ணாச்சி நடையை நிறுத்திக் காதைத் தீட்டினார். "கூவுது பாத்தியா" என்றார்.

பந்தயக் காரின் எஞ்சின், அங்கே ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எத்தனையோ ராட்டினம் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிப் பார்த்ததில்லை. ஏறும்போது பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்தின. கொஞ்ச நேரத்தில் வெறுமனே கத்தின. இறங்கியதும் மறுபடி வரிசையில் போய் நின்றன. பக்கத்து ராட்டினத்தில் ஆளே இல்லை. ராட்டினக்காரர் எஞ்சினைத் தரவே முடியாது என்று கையை விரித்துவிட்டார். நியாயம்தானே.

அண்ணாச்சியின் ஹிந்தியில் பெயரெல்லாம் ஹிந்தியாகவும் வினையெல்லாம் திருநெல்வேலியாகவும் இருக்கும். அந்த மொழியில் அன்று அவர் பேசியதை நான் மறக்கமாட்டேன். இது கூவுகிற எஞ்சின், வேகமாகச் சுற்றினால்தான் இதற்குத் தெம்பு வரும், அதனால்தான் உங்கள் சக்கரம் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது என்றார். உங்களுக்கு வேண்டியது இழுக்கிற எஞ்சின். கனமான சக்கரத்தைப் பைய, குலுங்காமல், கிழவி கூட ஏறுகிற மாதிரி இழுக்கவேண்டும். குழந்தைகள் மட்டும் ஏறுகிற ராட்டினம் நல்லதா, குடும்பத்தோடு ஏறுகிற ராட்டினம் நல்லதா? என்னிடம் அப்படி ஒரு எஞ்சின் இருக்கிறது. இதைக் கொடுங்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ராட்டினக்காரர் தாடியைத் தடவினார். "கித்னா சிசி?" என்று கேட்டார். எத்தனை சிசி?

அண்ணாச்சி சொன்னார். ராட்டினக்காரர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

எது எதற்குப் பொருத்தம் என்று அண்ணாச்சி யோசித்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பும் வழியில் மதினி என் காதில், "இவியளுக்கு எல்லாம் தெரியும்டி தங்கச்சி. வேண்டாம்னு இருந்திருக்காவ" என்றார்.

அந்த வாரம் பட்டறை அபிவிருத்தி நின்றுபோனது. அண்ணாச்சி மாஹிம் சந்திலேயே கிடந்தார். ஏசி, கியர்பாக்ஸ், அச்சு, ஒவ்வொன்றும் பழைய இடத்துக்குத் திரும்பின. ஓட்டை போட்ட பானெட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேறு பானெட் தேடிப்பிடித்து மாட்டினார்கள். அதன் சிவப்பு கொஞ்சம் வேறு சிவப்பாக இருந்தது. ஆர்டிஓ-வில் அதே அதிகாரி. இந்த முறை கேள்வியே கேட்காமல் டீ சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை காலனிக்குப் போனோம். பாவா கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் காத்திருந்தார். நர்ஸ் ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம் பிடித்து எழுப்பினார்கள். அவர் நேரே காரில் ஏறவில்லை. பானெட்டில் கையை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகத் தடவினார். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பின்சீட்டில் மதினி மூச்சை நிறுத்திவிட்டார்.

"கலர் கொஞ்சம் மாறியிருக்கு" என்றார் பாவா.

"தூப், பாவா" என்றார் அண்ணாச்சி. வெயில்.

நல்லவேளை, பாவா காரில் ஏறிக்கொண்டார்.

கார் கிளம்பியது. பாவா கண்ணை மூடிக்கொண்டார். மங்கிய கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, எல்லாம் காதில்தான் இருந்தது. எஞ்சின் ஏற ஏற அவர் விரல் முழங்காலில் தாளம் போட்டது. "அப்... அப்..." என்பார், இப்போது என்று. அண்ணாச்சி அந்தக் கணம் கியர் மாற்றுவார். கடற்கரைச் சாலையின் அந்தப் பெரிய வளைவு வந்தது. நான் பழக்கதோஷத்தில் மதினியைப் பிடித்துக்கொண்டேன். கார் சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரு சொட்டு சிந்தாமல் திரும்பியது. பாவாவின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்காத மாதிரி, கடலைப் பார்க்கிற மாதிரி ஓட்டினார்.

ஓரமாக நிறுத்தி, மதினி கொண்டுவந்த இட்லியை எல்லோரும் சாப்பிட்டோம். பாவா இட்லியை முடித்துத் தட்டைத் தள்ளிவைத்தார். ஏதோ பெரிய விஷயம் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. சட்னியைத் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சியின் தோளில் கை வைத்தார்.

"டிக்ரா, யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். நல்ல கார். ஆனால் எனக்கு எப்போதும் ஒரு குறை. இதற்கு இன்னும் கொஞ்சம் பெரிய எஞ்சின் இருந்திருக்கலாம். என் மனைவி கடைசிவரை விடவில்லை. நீ சின்ன வயசுக்காரன். போட்டுப் பாரேன்?"

மதினியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

அண்ணாச்சி வாயில் இருந்த இட்லியை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறார் என்றே நினைத்தேன். உல்லாஸ்நகர், ஓட்டை, ராட்டினம், எல்லாம். சொல்ல அவருக்கு எத்தனை ஆசை இருந்திருக்கும்!

"நை பாவா" என்றார். "யே ஹி பஸ் ஹை." இதுவே போதும்.

பாவா கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. ஆனால் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவரைக் காலனியில் இறக்கிவிட்டு செம்பூர் திரும்பும் வழியில்தான் மதினிக்குப் பேச்சு வந்தது. "போதும்னு சொன்னியளே! நம்ம கல்யாணத்துலேர்ந்து இந்த வார்த்தைய உங்க வாயில நான் கேக்கல. இலையில சோறு போடும்போது கூடக் கேக்கல!"

அண்ணாச்சி கியரை மாற்றினார்.

"எஞ்சின் மாத்துனதுல உங்களுக்கு ஒண்ணும் மிச்சமில்லையே அண்ணாச்சி?" என்று நான் கேட்டுவிட்டேன்.

அவர் யோசித்தார். சிக்னல் விழும்வரை யோசித்தார்.

"நேரா போவும்போது நல்லா இருந்துச்சு தங்கச்சி" என்றார். "அத இல்லன்னு சொல்லக்கூடாது."

பாவாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும். இப்போது அது வழக்கமாகிவிட்டது. சீட்டு தாழ்வாக இருப்பதால் பாவாவால் தானாக இறங்க முடியாது. அண்ணாச்சி குனிந்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி இறக்குகிறாராம். வொர்லியில் உட்கார்ந்து இருவரும் ஒருவருக்கொருவர் புரியாத ஹிந்தியில் எதையெதையோ பேசிக்கொள்கிறார்களாம். மதினிதான் சொன்னார். எனக்கு முட்டி வலி வந்த பிறகு நான் போவதில்லை.

எனக்கு இன்றைக்கும் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணாச்சி கேட்டைத் தாண்டித் தெருமுனையில் திரும்பும்வரை நான் அடுப்பில் பாலை வைப்பதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிடுவேன், பால் எப்படியும் பொங்கிவிடும்.